மினதி வரைந்த ரயில்

செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்கு எதிரில் மருந்துக் கடையை ஒட்டி ஒரு டீக்கடை இருக்கிறது. போன வாரம் பல் டாக்டரைப் பார்க்கப் போனவள், அவர் வர இன்னும் அரை மணி ஆகும் என்றதால் அங்கே போய் நின்றேன். பல்வலிக்காரி டீ குடிக்கலாமா என்று கேட்காதீர்கள். எனக்கு டீயை விட்டால் வேறு கெட்ட பழக்கம் கிடையாது.

டீ போடுகிறவர் ஒடிசாக்காரர். அவருக்குப் பின்னால் பலகையில் கண்ணாடி ஜாடிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு ஜாடிக்கும் கீழே, பலகையின் ஓரத்தில் பேனாவால் குட்டிக் குட்டிப் படங்கள். பன், முறுக்கு, வட்ட பிஸ்கட், நீள பிஸ்கட், கடலை மிட்டாய். படத்துக்குப் பக்கத்தில் அவருடைய எழுத்தில் தமிழ்ப் பெயரைக் குறித்து வைத்திருக்கிறார் போல. தலையெல்லாம் வளைந்து, எழுத்துகள் வரிசையாகக் குடை பிடித்து நிற்கிற மாதிரி இருக்கும் அந்த எழுத்து. முறுக்கைக் கொசுவத்திச் சுருள் மாதிரி வரைந்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

அந்த எழுத்தை நான் முன்பு பார்த்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். ஒருத்திக்கு நான் பெரிய கெடுதல் ஒன்று செய்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் செய்தேன். நேரே அதைச் சொல்ல வாய் வராமல் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நான் படாளத்துக்காரி. டிப்ளமோ முடித்திருந்தேன். அண்ணனுக்குக் கல்யாணமாகி, வீட்டில் இருந்த ஒரே அறை அவனுக்குப் போய்விட்ட சமயம். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. செல்போன் சார்ஜருக்குள் ஒரு பச்சைத் தகடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, ஈயப் பொட்டெல்லாம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. காலை ஏழு மணியிலிருந்து மாலை ஏழு மணி வரைக்கும் அதே பச்சை. கண்ணை மூடினாலும் பச்சையாகத்தான் தெரியும்.

கம்பெனி பஸ் படாளம் பக்கம் வராது. பெண்களைத் தங்க வைக்க அவர்கள் எடுத்திருந்த இடமோ மாமல்லபுரத்தில். ஏன் அவ்வளவு தூரத்தில் என்றால், அங்கே ஒரு பழைய லாட்ஜ் சும்மா கிடந்ததாம். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து மாதக்கணக்கில் தங்கிய இடம். அவர்கள் வெயிலுக்குப் பூசிக்கொள்கிற எண்ணெயின் வாசனை எங்கள் அலமாரியில் கடைசி வரைக்கும் போகவே இல்லை. கடல் இரண்டு தெரு தள்ளி இருந்தது. உப்புக் காற்றில் துணி காயாது, காய்ந்தாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும். வீட்டுக்குப் போன் செய்தால் அம்மா முதலில் கேட்பது, "சாப்டியா?", அடுத்தது, "துணி காஞ்சிச்சா?" அதற்கு மேல் இருவருக்குமே பேச ஒன்றும் இருக்காது.

அறைக்கு ஒரு கட்டில், ஒரு கட்டிலுக்கு இரண்டு பெண்கள். பயப்படாதீர்கள், ஒரே நேரத்தில் அல்ல. பகல் ஷிப்டுக்காரி கிளம்பிப் போனதும் நைட் ஷிப்டுக்காரி வந்து அதே கட்டிலில் படுப்பாள். வடக்கத்திப் பெண்களை எல்லாம் காண்ட்ராக்டர் நைட் ஷிப்டுக்கென்றே எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதனால் அறைக்கு ஒரு தமிழ்ப் பெண், ஒரு வடக்கத்திப் பெண் என்று வார்டன் பிரித்துப் போட்டிருந்தார்.

வார்டன் ரோசி அக்கா கோவளத்துக்காரர். வாய் பெரிது. மனசு எவ்வளவு பெரிது என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். வடக்கத்திப் பெண் யாராவது ஊருக்குப் போவதென்றால், அவளுடைய அறைத்தோழி கேட் நோட்டில் கையெழுத்துப் போட்டு, செங்கல்பட்டு ஸ்டேஷன் வரை கூடப் போய் ரயில் ஏற்றிவிட்டு வர வேண்டும். முன்னொரு தடவை ஒரு பெண் பஸ் மாறி ஏறி இரண்டு நாள் காணாமல் போய், காண்ட்ராக்டர் வந்து கத்திவிட்டுப் போனதிலிருந்து இந்தச் சட்டம்.

எனக்குத் தோழிகள் அமையவில்லை. தமிழ்ப் பெண்களில் பாதிப் பேர் தெற்கேயிருந்து கூட்டமாக வந்தவர்கள். கூட்டமாகச் சாப்பிட்டு, கூட்டமாகத் தலை வாரிக்கொள்வார்கள். என் பேச்சைக் கேட்டால் சிரிப்பார்கள். "இன்னா, கீது, வந்துகினு" என்று நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்லிக் காட்டுவார்கள். "உனக்கென்னப்பா, நீ லோக்கல், நெனச்சா வீட்டுக்கு ஓடிருவே" என்பார்கள். ஓடிப் போய் எங்கே படுப்பது என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. ஆக, தினமும் இரவு எட்டே கால் மணிக்கு அறைக்கு வந்து கதவைச் சாத்தினால், மறுநாள் பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போடும் வரை யாரோடும் ஒரு வார்த்தை கிடையாது.

ஆனால் அறை காலியாக இருக்காது. அதுதான் விசித்திரம். ஆள் இல்லாமலே ஒருத்தி அங்கே இருந்தாள். தலையணையில் கடுகெண்ணெய் வாசனை. ஜன்னல் கம்பியில் ஈரத்துண்டு. சீப்பில் என்னுடையதைவிட நீளமான முடி. கண்ணாடியில் ஒட்டிய சிவப்புப் பொட்டு. அவள் பெயர் மினதி என்று கதவில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ரோசி அக்கா அவளை மீனாட்சி என்றே கூப்பிடுவார். அந்தப் பெயருக்கும் அவள் திரும்பிப் பார்ப்பாள்.

அவளை நான் பார்ப்பது கம்பெனி வாசலில் மட்டும்தான். ஒரே பஸ்தான் இரண்டு ஷிப்டுக்கும். காலை ஏழு மணிக்கு நாங்கள் இறங்க, அவர்கள் ஏறுவார்கள். மாலை ஏழு மணிக்கு அவர்கள் இறங்க, நாங்கள் ஏறுவோம். அந்தப் படிக்கட்டில் அரை நிமிஷம். ஒல்லியாக, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டவள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். முதல் மாதம் முழுக்கச் சிரித்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

பிறகு வாளி விவகாரம் வந்தது. அறையில் ஒரே வாளி. நான் துணியைச் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்துவிட்டு அப்படியே டியூட்டிக்குப் போய்விட்டேன். இரவு வந்து பார்த்தால், மேஜை மேல் ஒரு பெரிய நோட்டு திறந்து கிடக்கிறது. லாட்ஜ் காலத்து வருகைப் பதிவேடு, இழுப்பறைக்குள் கிடந்தது. முன்பக்கங்களில் எந்தெந்த நாட்டுக்காரர்களோ பெயர் எழுதியிருந்தார்கள். காலிப் பக்கம் ஒன்றில் மினதி ஒரு படம் வரைந்திருந்தாள். வழிய வழியத் துணியோடு ஒரு வாளி. அதன் முன்னால் கையில் சோப்போடு, தலைமுடியெல்லாம் செங்குத்தாக நிற்க ஒரு பெண். கோபப் புருவம். நான் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த அறையில் கேட்ட சிரிப்பு அது.

துணியை அலசிப் போட்டுவிட்டு, வாளிக்குப் பக்கத்தில் 'vaali' என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்தேன். எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. ஏதாவது பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்ல எனக்கு வேறு வழி இல்லை. மறுநாள் அதற்குக் கீழே 'balti' என்று எழுதி, அதற்கும் கீழே அந்தக் குடை பிடித்த எழுத்துகளில் ஏதோ எழுதியிருந்தாள். பக்கத்திலேயே சீப்பு ஒன்றை வரைந்து, கேள்விக்குறி போட்டிருந்தாள். பள்ளிக்கூடம் ஆரம்பமாகிவிட்டது.

அதற்கப்புறம் ஒரு நாளும் தவறவில்லை. ஒருத்தி வரைவாள், மற்றவள் பெயர் எழுதுவாள். எழுதியது சரியென்றால் பக்கத்தில் ஒரு டிக். நான் டிக்கோடு நிற்காமல் 'super' என்றும் எழுதுவேன். எனக்குள் ஒரு வாத்தியாரம்மா இருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. கம்பெனியில் நாள் முழுக்க யாராவது என்னை அதட்டிக்கொண்டிருப்பார்கள். இங்கே நான் டிக் போடுகிறவள்.

அவளுக்குக் கை ஓடும். அவர்கள் ஊரில் அறுவடை முடிந்ததும் பெண்கள் அரிசி மாவைக் கரைத்து மண் சுவரில் நெற்கதிரும் பாதமும் வரைவார்களாம். அதையும் அவள் வரைந்து காட்டித்தான் தெரிந்துகொண்டேன். எனக்கோ கோடு நேராக வராது. எங்கள் வீட்டுப் பசுவை ரசித்து ரசித்து வரைந்து வைத்தேன். அவள் 'chheli?' என்று எழுதி, சந்தேகம் வேண்டாமென்று பக்கத்திலேயே ஓர் ஆட்டை வரைந்திருந்தாள். படாளத்துப் பசுவைப் பார்த்து ஆடு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது. மடியைப் பெரிதாக வரைந்து, அடியில் ஒரு பால் சொம்பும் வைத்தேன். அதன் பிறகே 'gai' என்று ஒத்துக்கொண்டாள்.

சாமான்களை வரைந்துவிடலாம். உப்பை எப்படி வரைவது? அவள் கடலை வரைந்து, ஒரு தட்டை வரைந்து, நாக்கை நீட்டி விரலால் தொடுகிற பெண்ணை வரைந்தாள். நேற்று என்பதற்கு, சூரியன் ஒன்று மலைக்குப் பின்னால் படுத்துத் தூங்குகிறது. தூக்கம் என்பதற்கு எங்கள் கட்டிலையே வரைந்தாள். கட்டிலில் படுத்திருக்கிற உருவத்துக்குப் பாதி முகம் என்னுடையது, பாதி முகம் அவளுடையது. அந்தப் பக்கத்தை நான் நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் பஸ் படிக்கட்டில் அவள் எனக்கு ஒரு சொல்லைத் தருவாள். வணக்கம் எல்லாம் கிடையாது. நேராக, "உப்பு" என்பாள். நான் இறங்கிக்கொண்டே, "லுணோ" என்பேன். மறுநாள், "சீப்பு." மாலையில் நான் ஏறும்போது, "பானியா." டிரைவர் அண்ணன் எங்களைப் பார்த்து, "இன்னாம்மா, ரெண்டு பேரும் மளிகை லிஸ்ட் படிச்சிகினு கீறீங்க?" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக நான் காலையில் தலையை ஒழுங்காக வாரிக்கொண்டு கிளம்பினேன் என்றால் நம்புவீர்களா? அந்த ஊரில் என்னைப் பார்த்ததும் முகம் மலர்கிற ஓர் ஆள் இருந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

எனக்கு ஞாயிறு லீவு, அவளுக்குப் புதன். புதன் இரவு நான் வருவதற்குள் அவள் கீழே ஹாலில் அவள் ஊர்ப் பெண்களோடு போய்ப் படுத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அறைக்கு வரும்போது நான் இருப்பேன்தான். ஆனால் கட்டில் ஒன்று. இரவு முழுக்கக் கண் விழித்தவளோடு என்ன பேச்சு, அவள் தூங்கட்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவேன். சிற்பக் கூடங்களில் உளிச் சத்தம் டக் டக்கென்று கேட்டுக்கொண்டிருக்கும். சுற்றுலா வந்த குடும்பங்கள் சுண்டல் தின்றுகொண்டு போட்டோ பிடித்துக்கொண்டிருக்கும். யாராவது என்னிடம் கேமராவைக் கொடுத்து எங்களை எடுங்கள் என்பார்கள். எடுத்துக் கொடுப்பேன். மாலை அவள் பஸ் கிளம்பிய பிறகு அறைக்குத் திரும்புவேன். அவள் தூக்கத்துக்காக நான் செய்த தியாகம் என்று அதற்கு அப்போது பெயர் வைத்திருந்தேன்.

இனிமேல் சுற்றி வர வழியில்லை.

ஏழெட்டு மாதம் போனதும் தனித்தனிச் சாமான் எனக்கு அலுத்துவிட்டது. பெரிய பாடம் நடத்தலாம் என்று ஒரு புதன்கிழமை முழுப் பக்கத்துக்குப் படாளத்தை வரைந்தேன். வயல், பம்பு செட்டு, வரப்பில் அப்பா, ஜி.எஸ்.டி. ரோட்டில் கரும்பு லாரி. அதில் இருந்த அத்தனைக்கும் மறுநாள் மினதி அவள் மொழியில் பெயர் எழுதினாள். அப்பாவுக்கு 'bapa' என்று எழுதி, நான் விட்டுவிட்ட மீசையையும் வைத்துவிட்டாள். கீழே நான், 'இப்போது நீ' என்று சொல்வதற்காக, அடுத்த காலிப் பக்கத்தை நோக்கி ஒரு அம்புக்குறி போட்டிருந்தேன்.

வியாழக்கிழமை மாலை பஸ்ஸிலிருந்து இறங்கியவள் சொல் எதுவும் சொல்லவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அக்கா, படம்" என்றாள். இரண்டு கையையும் விரித்து நோட்டுத் திறப்பது போலக் காட்டினாள். "படம், படம்." கண் சிவந்திருந்தது. நைட் ஷிப்டில் எல்லோருக்கும் கண் சிவந்துதான் இருக்கும். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். "பாக்குறேன், பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.

அறைக்கு வந்து பார்த்தேன். அப்படியொரு படத்தை அவள் அதற்கு முன் வரைந்ததில்லை. முழுப் பக்கம். ஒரு பக்கம் கட்டிலில் படுத்திருக்கிற வயதான பெண், தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது, பக்கத்தில் தண்ணீர்க் குடம். நடுவில் ஒரு பஸ், அதில் இரண்டு பெண்கள் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்திக்கு இரண்டு மூக்குத்தி. அப்புறம் ஒரு நீள ரயில். எல்லா ஜன்னலும் காலி. ஒரே ஒரு ஜன்னலில் மூக்குத்திக்காரி. கீழே பிளாட்பாரத்தில் இன்னொருத்தி கையசைக்கிறாள்.

நீங்கள் ஒரு பார்வையில் புரிந்துகொண்டிருப்பீர்கள். நான் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். பஸ், 'bus'. ரயில், 'rayil'. ஜன்னல், 'jannal'. குடம், 'kudam'. இரண்டு பெண்கள், 'rendu pen'. கட்டிலில் இருந்தவளுக்கு 'paatti' என்று எழுதினேன். ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று சக்கரத்துக்குக்கூடப் பெயர் எழுதினேன். கீழே பெரிய டிக், 'super'. நான் அம்பு போட்டேன், அவள் வரைந்தாள், பாடம் நன்றாக நடக்கிறது என்று திருப்தியாகப் படுத்துத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி வாசலில் அவள் எல்லோருக்கும் முன்னால் நின்றிருந்தாள். நான் படிக்கட்டிலிருந்தே, "பாத்துட்டேன், சூப்பர்" என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவள் முகம் எப்படி மாறியது என்று இன்றும் சொல்ல முடியும். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "அக்கா" என்று மட்டும் சொன்னாள். என்ன பணிவு பாரேன், படத்தைப் பாராட்டியதற்கே இப்படியா என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அன்று மாலை இறங்கும்போது அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அறையில் நோட்டுத் திறந்து கிடந்தது. முதல் படத்தில் 'paatti' என்று நான் எழுதியதை அடித்துவிட்டு 'amma' என்று எழுதியிருந்தாள், கீழே 'bou' என்று அவள் மொழியில். அதற்கும் ஒரு டிக் போட்டேன். தப்பு என்னுடையது, திருத்தியது சரி. அடுத்த பக்கத்தில் இன்னொரு படம். கேட். கேட்டருகே நாற்காலியில் பெரிய நோட்டோடு ரோசி அக்கா, அவர் எப்போதும் போடுகிற கொண்டையை வைத்தே தெரிந்தது. எதிரில் பையோடு மூக்குத்திக்காரி. அவள் பக்கத்தில் இன்னொரு பெண்ணின் கோடு மட்டும். உள்ளே எதுவும் வரையாமல், முகம்கூட இல்லாமல்.

'gate'. 'naarkaali'. 'pai'. 'Rosy akka'. எழுதி முடித்ததும் எனக்கு விளையாட்டுப் புத்தி வந்தது. முந்தின நாள் எங்கள் அப்பாவுக்கு அவள் மீசை வைத்தாள் அல்லவா, நான் ரோசி அக்காவுக்கு ஒரு மீசை வைத்தேன். நல்ல முறுக்கு மீசை. காலையில் அவள் இதைப் பார்த்து எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்து நானே சிரித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அவள் என் தோளை உரசிக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். மாலையில் இறங்கவே இல்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டு லாட்ஜுக்கு வந்தேன். ரோசி அக்கா கேட்டிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உன் ரூமுக்காரியோட அம்மா செத்துப் பூட்டாங்களாம்டி. மத்தியானம் போன் வந்துச்சு. ஹால்ல அதுங்க ஊரு பொண்ணுங்களோட உட்காந்துகினு கீது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எப்படிக்கா? இன்னா ஆச்சு?"

"இன்னா ஆச்சா? ரெண்டு நாளா சீரியஸ்னு அது அழுதுகினு கீது, உனக்குத் தெரியாதா? உன் கையெழுத்து வேணும்னு நான்தான் சொன்னேன். உன்கிட்ட சொல்லிட்டேன்னு கையக் காட்டிச்சு. நேத்து காலைல டூட்டிலேர்ந்து வந்து, பையக் கட்டிகினு இங்கயே உட்காந்துச்சு. நீ லீவு சொல்லிட்டு வருவேன்னு மத்தியானம் வரைக்கும் ரோட்டயே பாத்துகினு இருந்துச்சு."

"எனக்குப் புரியலக்கா."

"நீ வேணாம்னு வுட்டுட்டியோன்னு நெனச்சேன். நான் இன்னா பண்ணட்டும், ரூலு ரூலுதான்."

மாடிப்படி ஏறினேனா, எப்படிப் போனேன் என்று தெரியாது. நோட்டைத் திறந்தேன். முதல் முறையாக அந்த இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். பஸ், ரயில், ஜன்னல், குடம் என்று என் கையெழுத்து குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறது. அடியில் டிக். சூப்பர். பக்கத்துத் தாளில் முறுக்கு மீசை. என் அம்மா சாகக் கிடக்கிறாள், என்னோடு வா என்று ஒருத்தி கையைப் பிடித்துக் கேட்டதற்கு நான் மார்க் போட்டிருக்கிறேன்.

ஹாலுக்குப் போயிருக்கலாம். வாசல் வரை போனேன். ஐந்தாறு பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தலையை வருடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிறு காலையில் அவள் அறைக்கு வந்தாள். ஈமக்காரியம் ஊரில் முடிந்துவிட்டதாம், இனிப் போய் என்ன என்று அண்ணன் போனில் சொல்லிவிட்டதாகப் பிறகு தெரிந்தது. நான் எழுந்து நின்றேன். "மினதி" என்றேன்.  அவள் மொழியில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் மனசுக்குள் வேகமாகப் புரட்டினேன். வாளி, சீப்பு, உப்பு, ஆடு, பசு, நேற்று. அவள் என்னைத் தாண்டிப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். முதுகு மட்டும் தெரிந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டேன்.

அன்று இரவு நோட்டில் வரைந்தேன். கை கூப்பி நிற்கிற ஒரு பெண். கண்ணிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அது நான்தான் என்று தெரிவதற்காக என் கண்ணாடியைப் போட்டேன். அழித்து அழித்து வரைந்ததில் தாளே கிழிந்துவிட்டது. எனக்குத் தெரிந்து நான் மனசு வைத்து வரைந்த ஒரே படம் அது.

திங்கள் இரவு வந்து பார்த்தபோது பதில் இருந்தது. கூப்பிய கைக்குப் பக்கத்தில் 'kai'. கண்ணாடிக்குப் பக்கத்தில் 'kannadi'. முகத்துக்கு 'mugam'. சொட்டுக்கு 'thanni'. எல்லாம் தமிழ்ச் சொல், ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. கீழே ஒரு டிக். 'super'.

அவள் எந்த மனசோடு அதை எழுதினாள் என்று நான் யோசிக்காத மாதம் கிடையாது. எனக்குத் திருப்பிக் கொடுத்தாளா? போகட்டும், பழையபடி பாடத்தைத் தொடரலாம் என்று சொன்னாளா? அல்லது அந்தப் படத்துக்கு எழுத வேறென்ன இருக்கிறது என்று நினைத்தாளா? கேட்டிருக்கலாம். கம்பெனியில் இந்தி தெரிந்தவர்கள் இருந்தார்கள், ஒருத்தரைப் பிடித்து அழைத்து வந்திருக்கலாம். வெட்கமாக இருந்தது. ஒரு மாதம் வெட்கப்பட்டுக்கொண்டே இருந்தேன். நோட்டில் அதற்கப்புறம் யாரும் எதுவும் வரையவில்லை. பஸ் படிக்கட்டில் இருவரும் சிரித்துக்கொண்டோம், முதல் மாதம் மாதிரி.

பிறகு ஒரு நாள் தலையணையில் கடுகெண்ணெய் வாசனை இல்லை. காண்ட்ராக்டர் அந்தப் பெண்களை எல்லாம் வேறு ஏதோ ஊருக்கு, வேறு ஏதோ கம்பெனிக்கு அழைத்துப் போய்விட்டார் என்றார் ரோசி அக்கா. எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. அவளிடம் போன் நம்பர் வாங்கி வைக்க எனக்குத் தோன்றியதே இல்லை. வாங்கி என்ன பேசியிருப்போம் என்பது வேறு விஷயம்.

கம்பெனி இரண்டு வருஷத்தில் மூடிவிட்டது. லாட்ஜை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது கண்ணாடி வைத்த பெரிய ஹோட்டல் இருக்கிறது, அந்தத் தெரு வழியாகப் போனாலும் எந்த ஜன்னல் எங்கள் ஜன்னல் இருந்த இடம் என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. நோட்டு, ரோசி அக்கா ஒருமுறை பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டவற்றோடு போய்விட்டது. அந்த நோட்டில் இருந்த அத்தனை சொல்லும் எனக்கு மட்டும் பாக்கி நிற்கிறது. பேசத்தான் ஆளில்லை.

பேச்சுத் தெரியாததால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன் என்று எனக்கு நானே வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அம்மாவை இழந்த ஒரு பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டிலில் அவள் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே போய் உட்கார எனக்கு எந்த மொழியும் வேண்டியிருக்கவில்லை.